எல்லைக்கல்லைத் தோண்டிய மாப்பிள்ளை வீட்டார்

ஒரு பெரிய மனிதரின் வீட்டுப் பின்வளவில், முருங்கை மரத்தடியில், கஞ்சி போட்டு விறைத்த வெள்ளைச் சட்டையோடு குந்தியிருந்தேன். ஒரு செருப்பு காலில் இருந்தது. மற்றச் செருப்பு கையில். அதன் நுனியால் ஒரு கல்லைச் சுற்றி மண்ணைக் கிளறிக்கொண்டிருந்தேன்.

முன்வீட்டில் என் உம்மா வட்டிலப்பம் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். தம்பி நவாஸ், சவூதியிலிருந்து கொண்டுவந்த அத்தரில் பாதியைச் சட்டையில் ஊற்றிக்கொண்டு, மாப்பிள்ளை மாதிரி கதிரையில் இருந்தான். மாப்பிள்ளை மாதிரி என்றுதான் எழுதியிருக்கிறேன். கவனித்து வாசியுங்கள்.

அப்போது என் முதுகுக்குப் பின்னால் ஓர் இருமல் கேட்டது. தடிமன் பிடித்தவரின் இருமல் அல்ல. ‘நான் பார்த்துக்கொண்டுதான் நிற்கிறேன்’ என்று சொல்கிற வீட்டுக்காரரின் இருமல்.

நான் நாய்க்குப் பயந்திருக்கிறேன். பரீட்சைக்குப் பயந்திருக்கிறேன். சின்ன வயதில் ஓதக் கொடுத்த லெவ்வையின் பிரம்புக்குப் பயந்து வயலுக்குள் ஓடியிருக்கிறேன். அதெல்லாம் சும்மா பழக்கத்துக்குப் பயந்தது. உண்மையான பயம் எப்படி இருக்கும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. காது மடலில்கூட வியர்த்தது.

அந்த இருமலை அப்படியே நிற்க வைத்துவிட்டு, நான் ஏன் அங்கே போய்க் குந்தினேன் என்பதைச் சொல்லிவிடுகிறேன். வீட்டுக்கார ஹாஜியார் பொறுமைசாலி. நிற்பார்.

கதவில்லாத ஆண்பிள்ளைகள்

எங்கள் கல்முனைப் பக்கத்து நிலத்தைப் பற்றித் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. கிழக்கே கடல். மேற்கே வயல். நடுவில் ஒரு ரோட்டும் நாங்களும். கடல் பக்கம் தள்ளிக் கட்டலாமென்றால் கடல் சம்மதிக்காது. வயலை நிரப்பிக் கட்டலாமென்றால் வயல்காரன் மண்வெட்டியோடு வருவான். பிள்ளைகள் பெருகினார்கள், நிலம் பெருகவில்லை. எங்கள் ஊரில் ஒருவர் வீட்டில் இரவு தும்மினால் நாலாம் வீட்டிலிருந்து ‘யர்ஹமுகல்லாஹ்’ என்ற வாழ்த்துக் கேட்கும்.

இந்த நெருக்கத்துக்குள் எங்கள் வழக்கம் ஒன்று இருக்கிறது. பெண்ணுக்கு வீடு கொடுத்தால்தான் கலியாணம். மாப்பிள்ளை ஒரு சூட்கேசோடு வந்து பெண்ணின் வீட்டில் ஏறிக்கொள்வார். ஆகவே எங்களூர் ஆண்பிள்ளைக்குச் சொந்தக் கதவு கிடையாது. பிறந்தால் உம்மாவின் வீடு, முடித்தால் மனைவியின் வீடு, பல் விழுந்தால் மகளின் வீடு. எனக்கு இந்த வயது வரைக்கும் என் பெயரில் ஒரு ஜன்னல்கூட இருந்ததில்லை. ஆனால் வீடு தேடி வெயிலில் அலைகிற வேலை மட்டும் முழுக்க ஆண்பிள்ளைக்கே எழுதி வைத்தது.

அலைய வேண்டிய எங்கள் தகப்பன், வாப்பா, கண்ணை மூடி மௌத்தாகிப் பல வருடம். உம்மாவின் வீடு மூத்த அக்காவான ராத்தாவுக்குப் போய்விட்டது; உம்மாவும் அங்கேயே. மிச்சம் நின்றவள் கடைசித் தங்கச்சி ஜெசீமா. அவளுக்கு ஒரு மாப்பிள்ளையும் பொருந்தியிருந்தார், நிந்தவூரில் ஒரு வாத்தியார். அமைதியானவர், சிகரெட் இல்லை, எழுத்து முத்து மாதிரி. ஜெசீமாவுக்குப் பிடித்திருந்தது. அவள் வாயால் சொல்லவில்லை. ஆனால் நிந்தவூர் என்ற பெயர் ரேடியோவில் வந்தாலும் எழுந்து அடுப்படிக்குப் போய்விடுவாள்.

ஒரே ஒரு தடை. மாப்பிள்ளை வீட்டார் மரியாதையாகச் சொல்லி அனுப்பியிருந்தார்கள்: “ஹஜ்ஜுப் பெருநாளைக்கு முன்ன வீட்டக் காட்டினா சந்தோஷம். இல்லாட்டி எங்களுக்கு அங்கால ஒரு இடமும் பேசி வருது.”

அங்கால பேசி வந்த இடத்தில் மாடி வீடு என்று விசாரித்து அறிந்தேன். அன்றிரவு எனக்குக் கனவில் மாடிப்படிகள் வந்தன. ஏற ஏற முடியவில்லை.

சந்தோஷ முகம்

அது ஊரில் பாதிப் பேர் சவூதி, குவைத் என்று பறக்கத் தொடங்கியிருந்த காலம். அதற்குச் சற்று முன்னர்தான் சூறாவளி வந்து எங்கள் கரையோரத்தின் கூரைகளை எல்லாம் வயலில் கொண்டுபோய் வைத்துவிட்டுப் போயிருந்தது. ஆகவே நல்ல கூரையுள்ள வீடு கொஞ்சம், வெளிநாட்டுக் காசோடு தேடுகிறவர்கள் நிறைய. தகப்பன்மார், காக்காமார் என்கிற அண்ணன்மார், மாமாமார் எல்லோரும் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு ஒரே சந்து ஒழுங்கைகளில் குறுக்கும் மறுக்குமாகப் போனோம். சந்தியில் கண்டுகொண்டால், “சும்மா இப்பிடி நடந்து வந்தன்” என்று ஒருவருக்கொருவர் பொய் சொல்லிக்கொண்டோம். வைத்தியர் சொல்லிக்கூட நடக்காத மனிதர்கள் எல்லாம் அந்த வருடத்தில் நடந்தார்கள்.

முதல் வீடு கல்முனைக்குடியில். பிற்பகல் அஸர் தொழுதுவிட்டுப் பேசினேன். வீட்டுக்காரர் தலையாட்டினார். நானும் நாளைக்கு வருகிறேன் என்று சொல்லிவிட்டு, சந்தோஷத்தில் ஒரு தேநீர்க் கடையில் ஏறிப் பிளேன்ரீ குடித்தேன். அங்கேதான் பிழை விட்டேன். வாயைத் திறக்கவில்லை. ஆனால் முகத்தில் சந்தோஷம் இருந்திருக்கிறது. கடைக்காரர் என்னையும் பார்த்தார், நான் வந்த ஒழுங்கையையும் பார்த்தார். அந்தியில் மஃரிப் பாங்கு சொல்ல முன்பே வீடு வேறொருவருக்குப் போய்விட்டது. அதற்குப் பிறகு நான் வீடு பார்த்துவிட்டு வரும்போதெல்லாம் இழவு விழுந்த மையித்து வீட்டுக்குப் போய்வந்தவன் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டேன். அதனால் என் சைக்கிள் பாட்ஸ் கடைக்கு வருகிறவர்கள் “யார் மௌத்து?” என்று கேட்க ஆரம்பித்தார்கள்.

இரண்டாவது சாய்ந்தமருதில். நான் போனபோது விறாந்தையில் ஏற்கெனவே இரண்டு பேர் இருந்தார்கள். ஒருவர் கந்தூரிச் சாப்பாட்டுக்கு அழைக்க வந்தாராம். மற்றவர் வீட்டுக்காரருக்குச் சுகமில்லை என்று கேள்விப்பட்டுப் பார்க்க வந்தாராம். நான் தேங்காய் வாங்க வந்ததாகச் சொன்னேன். அந்த வளவில் தென்னை இல்லை என்பதைச் சொன்ன பிறகுதான் பார்த்தேன். மூன்று பேரும் கூரையை அண்ணாந்து பார்த்துக்கொண்டு நெடுநேரம் இருந்தோம். யாரும் முதலில் எழும்புகிற மாதிரி இல்லை. சுகமாக இருந்த வீட்டுக்காரருக்கு எங்களைப் பார்த்தே நெஞ்சு அடைக்கத் தொடங்கியது. வீடு, சுகம் விசாரிக்க வந்தவருக்குப் போயிற்று. அவருக்குக் குவைத்தில் இரண்டு மகன்மார்.

மூன்றாவதுதான் என்னை அழ வைத்தது. எல்லாம் பேசி, விலை பொருந்தி, காணி உறுதிப் பத்திரத்தை, அதை எழுதுகிற நொத்தாரிசிடம் காட்டுகிற அளவுக்கு வந்த பிறகு, வீட்டுக்காரர் தலையைச் சொறிந்துகொண்டு வந்தார்.

“தம்பி, குறை நினைக்கப்படா. என்ட மச்சினன் தனக்கு வேணும் எண்டு நிக்கான். உறவு கேக்கக்குள்ள வெளியாளுக்குக் கொடுத்தா நாளைக்கு நான் எந்த மூஞ்சியோட கலியாண வீட்டுக்குப் போற?”

அதுவும் எங்கள் வழக்கம். வளவு விற்கிறவர் முதலில் உறவைக் கேட்க வேண்டும், பிறகு பக்கத்து வளவைக் கேட்க வேண்டும், அவர்கள் எல்லோரும் வேண்டாம் என்றால்தான் என்னைப் போன்ற வெளியாளுக்கு. அந்த வழக்கத்தைக் கண்டுபிடித்தவரை நான் சைக்கிளில் வீடு திரும்பும் வழியெல்லாம் திட்டினேன். யாரென்று தெரியாததால் பொதுவாகத் திட்டினேன்.

உம்மாவிடம் போனால் ஜெசீமா. சின்ன வயதிலிருந்தே அவள் சத்தமாகச் சிரிக்கிறவள். ராத்தாவின் மாப்பிள்ளை உள்ளே இருக்கிறபோது சிரித்தால் உம்மா அதட்டுவார்: “மெதுவாச் சிரி புள்ள, மச்சான் உள்ளுக்கு இரிக்கார்.” அந்த மாதங்களில் அதட்ட வேண்டிய தேவை இருக்கவில்லை. நான் வந்ததும் தேத்தண்ணி கொண்டுவந்து வைப்பாள். என்ன நடந்தது என்று கேட்கமாட்டாள். கேட்டிருந்தால் ஏதாவது பகிடி சொல்லிச் சிரிக்க வைத்துத் தப்பியிருப்பேன். கேட்காமல் வைத்துவிட்டுப் போகிற தேத்தண்ணியைக் குடிப்பதுதான் கஷ்டம்.

ஒரே குடை, இரண்டு தொழில்

இந்த இடத்தில் புறோக்கர் உசனாரைச் சொல்லாமல் போனால் அவர் கபுறுக் குழியிலிருந்து எழும்பி வந்து தரகு கேட்பார்.

எங்கள் ஊரில் காணித் தரகரும் கலியாணத் தரகரும் ஒரே ஆள்தான். வேறாக இருக்க வழியில்லை. வீடில்லாமல் கலியாணம் இல்லை, கலியாணம் இல்லாமல் யாரும் வீடு வாங்கப் போவதில்லை. உசனார் மாரியிலும் கோடையிலும் ஒரு கறுப்புக் குடையோடு திரிவார். குடையைச் சுருட்டி வைத்துப் பேசினால் காணிக் கதை. விரித்துப் பிடித்துப் பேசினால் கலியாணக் கதை, பக்கத்தில் யாருக்கும் கேட்கக் கூடாது. சிலவேளைகளில் பாதி விரித்த குடையோடு நிற்பார். அப்போது என்ன கதை என்று அவருக்கே தெரியாது.

அவரிடம் போய்ப் புலம்பினேன். “உசனார் காக்கா, நான் பாக்கிற வீடெல்லாம் எனக்கு முன்ன ஊருக்குத் தெரிஞ்சிடுது. என்னெண்டு?”

“நீங்க வீடு பாக்கிற மாதிரிப் பாக்கிறீங்க தம்பி. செவருல தட்டுறீங்க, கிணத்துல அள்ளிக் குடிக்கிறீங்க, ஓட்ட எண்ணுறீங்க. ரோட்டால போற குருடனுக்கும் விளங்கும்.”

“பின்ன எப்பிடிப் பாக்கிற?”

“அது எனக்குத் தெரியா. இந்த ஊருல செவருல தட்டிக் கிணத்துல குடிச்சாலும் ஆரும் சந்தேகப்படாத ஆக்கள் எண்டா மாப்புள வீட்டார் மட்டுந்தான்.”

அவர் சும்மா சொன்னார். குடை சுருட்டியே இருந்தது. ஆனால் என் மண்டைக்குள் ஒரு குடை விரிந்தது.

உண்மைதான். பெண் பார்க்க வருகிற மாப்பிள்ளை வீட்டார் பெண்ணைப் பார்க்கிற நேரத்தைவிட வீட்டைப் பார்க்கிற நேரம் கூட. தண்ணீர் உவர்க்கிறதா, அடுப்படிப் புகை எந்தப் பக்கம் போகிறது, ஓடு சூறாவளிக்கு முந்தியதா பிந்தியதா என்று ஆராய்ச்சி நடக்கும். எனக்குப் பெண் பார்த்தபோது என் பெரியம்மா கிணற்றடியில் நின்ற மாமரத்தின் காயைக் கடித்துப் பார்த்துவிட்டுத்தான் சம்மதம் சொன்னார். “நீங்க என்னையா முடிச்ச, மாமரத்தையா?” என்று என் மனைவி இன்றைக்கும் கேட்கிறாள். நல்ல இனிப்பு மாமரம். அதற்குமேல் நான் ஒன்றும் சொல்வதில்லை.

உம்மாவின் நிபந்தனை

அந்தக் கிழமையே வாய்ப்பும் வந்தது. சைக்கிள் ரியூப் வாங்க என் கடைக்கு வந்த ஒருவர், பேச்சோடு பேச்சாக, அக்கரைப்பற்றில் தொழில் அமைந்துவிட்டது, குடும்பத்தோடு அங்கேயே இருக்கப் போகிறோம் என்றார். அவர் இஸ்மாலெவ்வை ஹாஜியாரின் மூத்த மருமகன்.

ஹாஜியார் நெல் மில் வைத்திருந்தவர். பெரிய வளவு. முன்பாதியில் அவர்கள் இருக்கிற வீடு, அது இளைய மகள் நஜிமாவுக்கு. பின்பாதியில் மூத்த மகளுக்குக் கட்டிக் கொடுத்த வீடு. சின்னதுதான், ஆனால் சூறாவளிக்கே அசையாத கூரை. மூத்தவள் அக்கரைப்பற்றுக்குப் போனால் அந்த வீடு பூட்டிக் கிடக்கும். பூட்டிக் கிடந்தால் கட்டாயம் விற்பார்கள். இது ஊருக்குத் தெரிய முன்னர் நான் பார்த்து, பேசி, முடித்துவிட வேண்டும். ரியூபுக்குக் காசு வாங்க மறந்துபோனேன்.

என் திட்டம் இதுதான். நவாஸ் லீவில் வந்திருக்கிறான். அவனுக்கு நஜிமாவைப் பெண் பார்க்கப் போவது போல் போவோம். நான் மெல்லப் பின்வளவுக்கு நழுவி அந்த வீட்டைப் பார்த்துவிடுவேன். பிறகு ஏதாவது ஒரு சாட்டு, சாக்குப்போக்குச் சொல்லிக் கலியாணக் கதையை விட்டுவிடலாம்.

உம்மாவிடம் சொன்னேன். உம்மா அரிசி புடைத்துக்கொண்டிருந்தார். சுளகு நின்றது.

“குமர் இரிக்கிற வீட்டுக்குள்ள பொய் சொல்லிக்கிட்டுப் போகச் சொல்றியா மனே?”

கலியாணத்துக்குக் காத்திருக்கிற பெண்ணைக் குமர் என்போம். எங்கள் வீட்டிலும் ஒரு குமர் அடுப்படிக் கதவுக்குப் பின்னால் இதைக் கேட்டுக்கொண்டுதான் இருந்தது.

“பொய் இல்ல உம்மா. நவாஸும் ஒரு நாளைக்கு முடிக்கத்தானே வேணும்?”

“ஓ. அப்ப நான் வாறன். ஆனா நான் வந்தா உண்மையாத்தான் பாப்பன். அந்தப் புள்ள எனக்குப் புடிச்சா நான் சாட்டுச் சொல்லமாட்டன். சம்மதமா?”

நான் அவசரத்தில் ஓம் என்றேன். வீடு வாங்குகிற வெறியில் இருக்கிறவன் எதற்கும் ஓம் என்பான். நவாஸிடம் கேட்டதற்கு, “வட்டிலப்பம் வைப்பாங்களா காக்கா?” என்று மட்டும் கேட்டான்.

இருமலுக்குத் திரும்புவோம்

ஆக, வாடகைக் காரில் போய் இறங்கினோம். உம்மா உள்ளே பெண்களோடு போய்விட்டார். விறாந்தையில் ஹாஜியார், நவாஸ், நான். நான் சுவரில் தட்டினேன், யாரும் சந்தேகப்படவில்லை. கிணற்றில் அள்ளிக் குடித்தேன், யாரும் சந்தேகப்படவில்லை. உசனாரின் மூளைக்கு மனதுக்குள் ஸலாம் சொல்லிக்கொண்டு, “கால் கழுவிட்டு வாறன்” என்று பின்பக்கம் நழுவினேன்.

வீடு அழகாக இருந்தது. ஜன்னல் கம்பி ஒன்றுகூடத் துரு இல்லை. ஜெசீமா இந்த ஜன்னலுக்குப் பின்னால் நிற்பது எனக்குத் தெளிவாகத் தெரிந்தது. அந்தக் காட்சியில் புத்தி கெட்டு, வளவு எதுவரை என்று பார்க்கப் போனேன். முருங்கையடியில் ஒரு கல். எல்லைக்கல்தான். பழைய எல்லைக்கல்லில் அடையாளம் வெட்டியிருக்கும் என்று யாரோ சொன்னது ஞாபகம் வர, செருப்பைக் கழற்றிக் கிளறினேன். அப்போதுதான் அந்த இருமல்.

“தம்பி, என்ன தேடுறீங்க?”

“மோதிரம் விழுந்திட்டு ஹாஜியார்.”

“வரக்குள்ள உங்கட கையில மோதிரம் இரிக்கல்லையே.”

“அதான் ஹாஜியார். முன்னமே விழுந்திட்டு.”

அதைச் சொன்ன பிறகு எனக்கே என்மேல் இரக்கம் வந்தது. ஹாஜியார் என் பக்கத்தில் வந்து நின்று, அந்தக் கல்லை நிதானமாகப் பார்த்தார்.

“இது எல்லைக்கல்லு இல்ல தம்பி. ஆடு கட்டுற கல்லு. எல்லைக்கல்லு அங்கால, கொய்யா மரத்தடியில இரிக்கி. வாங்க, காட்டுறன்.”

நான் எழும்பவில்லை. கல்லையே பிடித்துக்கொண்டிருந்தேன்.

“எழும்புங்க. நீங்க முதலாவது ஆள் இல்ல” என்றார். “மூத்தவள் போறா எண்டு கதை வந்ததிலிருந்து ஒருத்தன் மருந்துக்கு வேர் புடுங்க வந்தான். ஒருத்தன் காணாமப்போன மாட்டத் தேடி வந்தான். அவனிட்ட மாடே இல்ல. ஆனா கையோட ஒரு மாப்புளையையும் கூட்டிக்கிட்டு வந்த முதல் ஆள் நீங்கதான்.”

“மன்னிச்சுக்கங்க ஹாஜியார். தங்கச்சிக்கு… பெருநாளைக்கு முன்ன…” வாழ்க்கையில் பகிடி ஒன்றும் கைவசம் இல்லாமல் நான் நின்ற ஒரே இடம் அதுதான்.

ஹாஜியார் பின்வீட்டை ஒரு தடவை பார்த்தார். பிறகு, “அந்த வீட்ட நாங்க வெளியாளுக்குக் கொடுக்க மாட்டம். முதல்ல உறவுக்குத்தான்” என்றார்.

மறுபடியும் அதே வழக்கம். நான் திட்டிய அதே மனிதர், யாரோ, எங்கிருந்தோ என்னைப் பார்த்துச் சிரித்திருப்பார். செருப்பைப் போட்டுக்கொண்டு போகத் திரும்பினேன். பதற்றத்தில் கையில் இருந்த செருப்பைப் பின்முன்னாக மாட்டியிருந்தேன்.

“எங்க போறீங்க?” என்றார் ஹாஜியார். “இப்ப நீங்க எந்த ஆள் எண்டு சொல்லிட்டுப் போங்க. உங்கட உம்மா உள்ளுக்கு என்ட மகள்ட கையப் புடிச்சிக்கிட்டு இரிக்கிறா. நீங்க இஞ்ச கல்லப் புடிச்சிக்கிட்டு இரிக்கிறீங்க. ரெண்டுல ஒண்டாவது உண்மையா இரிக்கணும்.”

“உம்மாட உண்மை ஹாஜியார். உம்மா பொய்க்கு வரமாட்டா. ஆனா… அதுல கேக்க வேண்டிய ஆள் நவாஸ்.”

“கேளுங்க. கேட்டுட்டு ஆள் அனுப்புங்க. உங்கட தம்பியப் பத்தி நான் நீங்க வர முன்னமே விசாரிச்சிட்டன். உங்களப் பத்தியும் விசாரிச்சன்.” ஒரு சின்ன இருமல். “உங்களப் பத்தி ஆக்கள் சிரிச்சிச் சிரிச்சித்தான் சொன்னாங்க.”

காருக்குள்

காரில் உம்மா பின்சீட்டில் கண்ணை மூடிக்கொண்டு தஸ்பீஹ் மணி உருட்டினார். நவாஸ் முன்சீட்டில். நான் உம்மாவுக்குப் பக்கத்தில்.

என் பயத்தை நீங்கள் புரிந்துகொள்ள வேண்டும். நவாஸின் உழைப்பும் சேர்ந்துதான் ஜெசீமாவின் வீடு. அவன் வேண்டாம் என்றால் ஹாஜியாருக்கு நான் வெளியாள், வீடு போயிற்று. ஓம் என்று நான் கெஞ்சி வாங்கினால், ஒரு வீட்டுக்காகத் தம்பியை விற்றவன் ஆவேன். எந்தப் பக்கம் விழுந்தாலும் கல்.

“நவாஸ்” என்று தொடங்கினேன். “ஒரு கதை இரிக்கி. நீ ஓம் எண்டும் சொல்ல வேணாம், இல்ல எண்டும் சொல்ல வேணாம். முதல்ல கேளு…”

“காக்கா, நான் ஒண்டு கேக்கவா?”

“கேளு.”

“நான் கரண்டியக் கீழ போட்டுட்டன். நீங்க பின்னால போன நேரம். குனிஞ்சி எடுக்கப் போக, மற்றக் கரண்டியும் விழுந்திட்டு. அப்ப திரைக்கு அங்கால ஒரு சிரிப்புச் சத்தம் கேட்டிச்சி. அது ஆரு?”

உம்மா கண்ணைத் திறக்கவில்லை. “நஜிமா” என்றார். “நான்தான் அப்ப அவள்ட கையப் புடிச்சிக்கிட்டிருந்தன். நல்ல புள்ள. சிரிப்ப அடக்கத் தெரியல்ல, நம்மட ஜெசீமாவப் போல.”

நவாஸ் ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தான். கொஞ்ச தூரம் போனதும், “வீடு எப்பிடியோ எனக்குத் தெரியா காக்கா” என்றான். “எனக்குப் புடிச்சிரிக்கி.”

கார்க்காரர் மட்டும் என்னைக் கண்ணாடியில் பார்த்தார். நான் அழுகிறேனா சிரிக்கிறேனா என்று அவருக்கு விளங்கவில்லை. எனக்கும்.

அதற்குப் பிறகு நடந்தவற்றை உம்மாவே பேசி முடித்தார். மாப்பிள்ளைக்குக் கைக்கூலி என்கிற சீதனக் காசாக ஒரு சதம் வேண்டாம் என்றார். ஹாஜியார், சவூதிக் காசுக்காரர் கொடுக்கிற விலையை எங்களிடம் கேட்கமாட்டேன் என்றார். முதலில் ஜெசீமாவின் கலியாணம், நவாஸ் இன்னொரு தடவை போய் வந்த பிறகு அவனுடையது. எல்லாம் இனிதாகப் பேச்சு முடிந்த அன்று புறோக்கர் உசனார் வந்து, பாதி விரித்த குடையோடு வாசலில் நின்றார்.

“யோசின என்ட. அதுல ஒரு காணியும் முடிஞ்சிரிக்கி, ஒரு கலியாணமும் முடிஞ்சிரிக்கி. ரெண்டுக்கும் தனித்தனியாத் தரணும்.”

கொடுத்தேன். அந்த மனிதர் ‘மாப்பிள்ளை வீட்டார்’ என்று சொன்ன தருணத்துக்கு எவ்வளவு கொடுத்தாலும் தகும். எனக்கு மூன்று பெண்மக்கள் இருக்கிறார்கள் என்பதை அவர் அப்போதே எண்ணி வைத்துக்கொண்டு போனார் என்பதை இந்த இடத்தில் எழுதாமல் விடுவதுதான் என் உடம்புக்கு நல்லது.

நிந்தவூரார் வந்த நாள்

பெருநாளைக்கு முன்னரே நிந்தவூரார் வீடு பார்க்க வந்தார்கள். ஜெசீமாவின் வீடு. அந்த இரண்டு சொல்லையும் நான் அன்றைக்குப் பல தடவை தேவையில்லாமல் சொன்னேன். “ஜெசீமாட வீட்டுல செருப்பு இவடத்த கழட்டுங்க.” “ஜெசீமாட வீட்டுத் தண்ணி, குடிச்சிப் பாருங்க.”

அவர்கள் சுவரில் தட்டினார்கள். கிணற்றில் அள்ளிக் குடித்தார்கள். ஓட்டை அண்ணாந்து பார்த்தார்கள். எனக்கு ஒவ்வொரு தட்டும் நெஞ்சில் விழுந்தது. முக்கியமாக வாத்தியாரின் காக்காவை எனக்குப் பிடிக்கவில்லை. உயரமான மனிதர், அதிகம் பேசவில்லை, எல்லாவற்றையும் பார்த்தார். அவருக்கு வீட்டில் இரண்டு குமர் இருப்பதாக வரும்போதே சொல்லியிருந்தார். அது என் மனதுக்குள் கொசு மாதிரி சுற்றிக்கொண்டிருந்தது. குமர் இருக்கிறவன் இப்படி ஏன் பார்க்கிறான்?

எல்லோரும் தேத்தண்ணிக்கு உட்கார்ந்தபோது அவரைக் காணவில்லை. ஜன்னலால் எட்டிப் பார்த்தேன். பின்வளவில், முருங்கையடியில், அந்தக் கல்லுக்கு மேலே குனிந்துகொண்டிருந்தார். கையில் ஒரு செருப்பு.

எப்படி அங்கே போனேன் என்று தெரியாது. ஓடிய ஓட்டத்தில் ஒரு கோழி பறந்தது மட்டும் ஞாபகம்.

“இது விக்கிறதுக்கு இல்ல மச்சான்!” என்று கத்தினேன். “உறுதி எழுதி முடிஞ்சிட்டு! நொத்தாரிசு கையெழுத்தும் வெச்சிட்டார்! எவன் வந்தாலும் குடுக்கமாட்டன்!”

அவர் ஒற்றைக் காலில் நின்றபடி என்னைப் பார்த்தார். செருப்பையும் பார்த்தார்.

“ஆட்டுப் புழுக்க ஒட்டிட்டு மச்சான். கல்லுல தட்டி எடுக்கன்” என்றார்.

வேலிக்கு அந்தப் பக்கமிருந்து ஓர் இருமல் கேட்டது.

“தம்பி, எல்லைக்கல்லு அது இல்ல எண்டு எத்தின தரம் சொல்லுற?” என்றார் ஹாஜியார்.

அப்போதுதான் ஜன்னலுக்குப் பின்னாலிருந்து ஜெசீமாவின் அந்தச் சிரிப்பு வந்தது. அடக்கவில்லை, மெதுவாகவும் இல்லை. வாத்தியாரின் காக்கா ஒற்றைக் காலிலேயே அந்தப் பக்கம் திரும்பினார். பழக்கதோஷத்தில் உம்மா அதட்ட வாயெடுத்தார். பிறகு கூரையை ஒரு தடவை அண்ணாந்து பார்த்துவிட்டு, வாயை மூடிக்கொண்டார்.